பார்வதம்மாவின் பொட்டு

மாணிக்கராஜ் சோற்றுக்கு வாயை மூடிக்கொண்டது ஆடி மாதத்தில். எங்கள் ஊரிகம் தங்கச் சுரங்கத்துக் கூலி லைன்களில் மூங்கில் தட்டிகளைக் காற்று பிய்த்துக்கொண்டு போகிற நாட்கள் அவை. கூரைமேல் கல் ஏற்றி வைத்தாலும் யார் வீட்டுத் தட்டியாவது பறந்துபோய் ரெயில் ரோட்டோரம் கிடக்கும். ஸ்டாம்பு மில் ஓயாமல் கல்லை இடித்துக்கொண்டிருந்ததால் லைனில் யாருக்கும் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. ஆகவே நேசமணி வீட்டுப் பேச்சு வரிசை முழுக்கக் கேட்டது.

கேழ்வரகுக் களியைக் கிள்ளி, காராமணிக் குழம்பில் தோய்த்து, நேசமணி அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரும்மா நீ?"

"நான்தாங்க. நேசமணி."

"எந்த நேசமணி?"

"உங்க பொண்சாதி."

அவர் சிரித்தார். பல் போன வாயாக இருந்தாலும் நல்ல சிரிப்பு. "எம் பொண்சாதி கெணத்தாண்ட போய்க்கீறா. வந்துடுவா. நீ தட்ட வெச்சிட்டுப் போ தாயி. வேத்துப் பொம்பள ஊட்டி நான் துன்னேன்னு தெரிஞ்சா களித் துடுப்பாலயே போடுவா."

"அவ பேரு இன்னா?"

"பார்வதம்."

நேசமணி தட்டை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெயர் அவளுக்குப் புதிது இல்லை. ஆனால் அதை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டாள்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து அவர் இங்கே வந்தபோது சின்னசாமி என்று பெயர். ஷாப்டுகள், அதாவது சுரங்கக் கிணறுகள், அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தன. கூட வந்தவள் பார்வதம். அவருக்குச் சுரங்கத்துக்குள் மரம் கட்டுகிற வேலை. பாறை உட்காராமல் லெவலுக்கு லெவல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு தரம் முட்டு முறிந்து, மெழுகுவத்தியும் அணைந்து, இருட்டில் கல்லுக்குள் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவன் விடாமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தானாம். வெளியே எடுத்தபோது இவருக்கு மட்டும் உயிர் இருந்தது. அந்த ஆள் விட்ட இடத்திலிருந்து தான் பிடித்துக்கொள்வதாக இவர் போய் உபதேசியாரிடம் நின்றார். மாணிக்கராஜ் என்று ஞானஸ்நானம் ஆயிற்று.

பார்வதம் வர மாட்டேன் என்றாள். சபையில் அதற்கு ஒரு முறை உண்டு. உபதேசியார் சாட்சியோடு போய், வேதத்துக்கு வந்த புருஷனோடு வாழ்கிறாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்பார். தவணை விட்டுத் தவணை போய்க் கேட்பார். ஒவ்வொரு தரமும் இல்லை என்றால் அவன் விடுபட்டவன். பார்வதம் ஒவ்வொரு தரமும் இல்லை என்றாள். அப்புறம்தான் சுரங்கத்துக் கற்குவியலில் தங்கக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நேசமணியை வேதக் கோயிலில் வைத்துக் கட்டிவைத்தார்கள். ஆம்பூர்ப் பக்கத்துப் பழைய வேதக்காரக் குடும்பம் அவளுடையது. பிறந்ததிலிருந்து நெற்றியில் ஒன்றும் வைத்தறியாதவள். பிள்ளை பிறக்கவில்லை. இருபது வருஷத்துக்குக் கிட்ட இரண்டு பேரும் ஒரே தட்டியின் கீழே சண்டையில்லாமல் இருந்தார்கள்.

மறதி அவரிடம் வேலையில்தான் முதலில் தெரிந்தது. அளந்த மரத்தையே மறுபடி அளந்தார். மேஸ்திரி மேலே அனுப்பினான், மேலேயிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஜெபத்தின் வார்த்தைகள் போயின. பிறகு கோயிலுக்குப் போகிற வழி போயிற்று. தன் வேதப் பெயர் போயிற்று. கடைசியாக வந்ததெல்லாம் முதலில் போயிற்று. நேசமணி கடைசியாக வந்தவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் ஆபிரகாம் ஜெபிக்க வந்தார். நல்ல மனுஷர். குதிகால் தேயத் தேய மூன்று கேம்புக்கும் நடந்தே போய் வருகிறவர். நாங்கள் நாலைந்து பேர் பாயில் முழங்கால் போட்டோம்.

"மாணிக்கராஜ், எப்படி இருக்கீங்க?"

"அப்டி ஒர்த்தன் இந்த லைன்ல இல்லீங்களே" என்றார் அவர் மரியாதையாக. "பக்கத்து லைன்ல கேட்டுப் பாருங்க."

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். உபதேசியார் ஜெபித்து முடித்து எழுந்தபோது நேசமணி இன்னும் முழங்காலில்தான் இருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். கர்த்தர் அவருக்கு எல்லாத்தயும் மறக்கடிச்சாரு. சரி, அவரு சித்தம். அந்தப் பொம்பளய மட்டும் இன்னாத்துக்கு விட்டு வெச்சாரு?"

"அப்படிக் கேக்கக் கூடாதும்மா."

"நான்தான ஐயா கஞ்சி காச்சினேன். நான்தான புண்ணு கழுவினேன். என்ன வுட்டுட்டு அவள வெச்சாரே. அதத்தான் கேக்கறேன்."

"பொறுமையா இருங்க. நான் ஜெபத்துல வெக்கிறேன்."

"வையுங்க" என்றாள் நேசமணி. அவர் போன பிறகு சொன்னாள்: "இவரு ஜெபத்துல வெப்பாரு. அவ அவரு நெஞ்சுல ஏறி ஒக்காந்துகீறா."

மாணிக்கராஜ் தண்ணீர் மட்டும் குடித்தார். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா ஊட்டிப் பார்த்தாள், நடக்கவில்லை. தானே தின்னட்டும் என்று தட்டை வைத்தால் தின்ன வேண்டியது எப்படி என்பதே மறந்தவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தது. பாப்பம்மா எங்கள் லைனில் கங்கையம்மன் கூழ் ஊற்றுகிற குடும்பம். நேசமணி கல் பொறுக்கப் போகும் நேரத்தில் அவள்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம்.

"அந்தப் பார்வதம் நந்திதுர்க் ஷாப்டாண்ட களி வித்துகினு கீறா. நான் பாத்துகீறேன். போயி கூட்டியாயேன்."

"செத்தாலும் மாட்டேன்."

"சாவப் போறது நீ இல்லடி, அவரு."

நேசமணி முறத்தில் கேழ்வரகைக் கொட்டிக் கல் பார்த்தாள். கண் கல்லில் இல்லை.

"கூட்டியாந்தா இன்னா ஆவும்?" பாப்பம்மா விடவில்லை. "ரெண்டு வாய் ஊட்டுவா, போயிடுவா. அவரத் தூக்கி இடுப்புல சொருகிகினா போவப் போறா?"

"அவ கையால துன்னுட்டு அவரு அவளப் பாப்பாரு இல்ல, அந்தப் பார்வய நான் பாக்கணுமா?" முறத்தைக் கீழே வைத்தாள். "பாப்பம்மா, அவருக்கு மொகம் தெரியுதுன்னா நெனைக்கிற? எம் மொகம் தெரியல. ஒம் மொகம் தெரியல. அவரு பாக்கறது இன்னான்னு நான் கண்டுகினேன். பேசினே இருக்கும்போது கண்ணு நெத்திக்குப் போவுது. நெத்தி வெறுமனே இருந்தா வேத்து ஆளு."

"எந்நெத்தியிலதான் இவ்ளோ பெருசு கீதே. எங்கிட்டயும்தான் துன்னல."

"நீ கறுப்பு. அவ செவப்பாம்."

"அடிப்பாவி" என்றாள் பாப்பம்மா, ஆனால் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நேசமணி எதைக் கேட்க வருகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

குங்குமம் பாப்பம்மா வீட்டுத் தகர டப்பாவில் இருந்தது. நேசமணிக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. விரலில் எடுத்து, புருவத்துக்கு மேலே கொண்டுபோய், மூக்கில் கொட்டிக்கொண்டாள். பாப்பம்மாதான் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, காசு அகலத்துக்கு வைத்துவிட்டாள். முகத்தில் மஞ்சளைப் பூசி, தன் கண்ணாடி வளையலில் இரண்டைக் கழற்றி மாட்டினாள்.

"நல்லாத்தான் கீற" என்றாள்.

"வாய மூடு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த உடனே முகம் தெளிந்தது.

"ஏண்டி, இன்னா இவ்ளோ நேரம்? கெணத்த தோண்டிட்டா வந்த?"

நேசமணி களியைக் கிள்ளி நீட்டினாள். வாயைத் திறந்தார். பசித்த குழந்தைபோல, விழுங்குவதற்கு முன்பே அடுத்த வாய்க்குத் திறந்தார். தின்றுகொண்டே பேசினார். புளி அதிகம் என்றார். முழங்கையில் கிள்ளினார். ஏதோ சந்தையில் யாரோ வாழைக்காய்க்காரி அவரைப் பார்த்ததாகவும் அதற்கு இவள் அவள் கூடையையே கவிழ்த்ததாகவும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். புரையேறிற்று. அவள் அவர் தலையில் தட்டினாள்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேசமணி பின்னால் வந்து உட்கார்ந்தாள். பாப்பம்மா ஓடி வந்தாள்.

"துன்னாரா?"

"துன்னாரு."

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சி அப்டி கீது?"

"எங்கிட்ட அவரு ஒரு நாளும் வாடி போடின்னு பேசுனதில்ல" என்றாள் நேசமணி. "நேசமணி வா, நேசமணி ஒக்காரு. உபதேசியாரு சம்சாரத்தக் கூப்புடற மாரி. கிள்ளுவாருன்னே எனக்குத் தெரியாது பாப்பம்மா. இந்த மனுஷன் சிரிப்பாருன்னு எனக்குத் தெரியாது. சிரிக்கிற ஆம்பளய அவ கட்டிகினு, சிரிச்சி முடிச்சத எனக்குக் குடுத்துட்டா."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு தரம் பொட்டு, சாயங்காலம் ஒரு தரம். கல் பொறுக்கப் போகும்போது அழித்துவிட்டுப் போவாள். குங்குமம் லேசில் போகிறதா? சிவப்பு தோலில் ஏறி நின்றது. கற்குவியலில் பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அவளை அரித்தது பொட்டு இல்லை.

அந்த வீட்டில் ஜெபிக்காமல் யாரும் ஒரு வாய் தின்றதில்லை. ஷிப்டுக்கு நேரமாகி, ஆளை இறக்கும் கேஜுக்குச் சங்கு ஊதிவிட்டாலும், கஞ்சிக் கலயத்துக்கு முன்னால் கண்ணை மூடுவார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கை களியை நீட்டும் முன்னே நேசமணியின் கண் தானாக மூடிக்கொண்டது. உதடு அசைந்தது. சத்தம்கூட வரவில்லை. அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பார்வதம் இல்ல."

"நான்தாங்க."

"பார்வதம் இப்டி மொணமொணக்க மாட்டா. நீ அந்த வேதக்காரங்க அனுப்சவ." வாயிலிருந்ததையும் துப்பிவிட்டார். அன்றைக்கு முழுவதும் பட்டினி.

மறுநாள் அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு ஊட்டினாள். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மனசுக்குள் சொன்னாலும் முகத்தில் ஏதோ வந்தது போல, அவர் மெல்லுவதை நிறுத்தினார். சொல்வதை விட்டாள். மென்றார். பார்வதத்தை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்க வேண்டுமானால் கர்த்தரையும் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் செய்தாள்.

சபைக்கு விஷயம் எட்டிவிட்டது. வரும் ஞாயிறு இராப்போஜனம், சபையார் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் பந்தி. அதற்கு முந்தின புதன்கிழமை ஆபிரகாம் உபதேசியார் வந்தபோது நேசமணி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று பார்த்தார். தட்டு காலியாகும் வரை காத்திருந்தார். அந்த மட்டுக்கு அவர் பெரிய மனுஷர்தான்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"அவரு துன்ன ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

"உங்க அப்பா எவ்வளவு பெரிய விசுவாசி. இந்தப் பொட்டப் பாத்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"அவரு இவரோட பட்டினியப் பாக்கலயே ஐயா."

"நான் ஊட்டிப் பாக்கறேன்" என்றார். களி தீர்ந்திருந்தது. கலயத்தின் அடியில் இருந்த கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டினார். மாணிக்கராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பார்வதம், யாருடி இந்த ஆளு? வூடு தவறி வந்துட்டாரா?"

உபதேசியார் கரண்டியை வைத்துவிட்டார். திண்டாடிப் போனார். "மிஷன் ஐயர்கிட்ட எழுதிக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் பந்திக்கு வராதீங்க. பொட்ட அழிச்சிட்டு, சபைக்கு முன்னால பாவ அறிக்கை பண்ணிட்டு வாங்க. நானா சொல்லல, முறை அப்படி."

"அழிச்சா அவரு துன்ன மாட்டாரு."

"அப்ப அந்தப் பொம்பளையக் கூப்பிடலாமே. அவ வெச்சிருக்கிற பொட்டு அவளோடது. உங்க மேல குத்தம் இருக்காது."

பாப்பம்மா சொன்னதையே உபதேசியாரும் சொன்னார். நேசமணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஐயா, பத்துக் கட்டளையில கர்த்தர் தன்ன எரிச்சலுள்ளவர்னு சொல்லிக்கீறாரு இல்ல?"

"சொல்லியிருக்காரு."

"வேற சாமி பக்கத்துல வந்து நின்னா அவருக்கு எரியுது. எனக்கு மட்டும் எரியக் கூடாதா?"

அவர் தலைப்பாகையைச் சரிபண்ணிக்கொண்டார். "அவருக்கு எரியலாம். அவர் யாரையும் பட்டினி போடலையே" என்றார் மெதுவாக.

அவர் போன பிறகு, அவள் தனக்கு என்று வைத்திருந்த கஞ்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை. இருபது வருஷமாக, அதற்கு முன்னால் ஆம்பூரில் பிள்ளையாக இருந்தபோதும், கேட்காமலே வந்த வார்த்தை. உள்ளே யாரோ முட்டுக் கொடுத்துவிட்டதுபோல நின்றது. கஞ்சியை அப்படியே மூடி வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பொட்டைத் தலைப்பால் தேய்த்துத் தேய்த்து அழித்துக்கொண்டு நந்திதுர்க்குக்கு நடந்தாள். தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைட் மண்மேடுகளிலிருந்து காற்று வெள்ளைப் புழுதியை வாரி வாரி முகத்தில் அடித்தது. ஷாப்டுக்கு வெளியே, ஷிப்டு முடிந்து ஏறி வருகிறவர்கள் போகும் வழியில், நாலு கல்லும் ஒரு கோணித் தடுப்புமாக ஒரு களிக்கடை. உள்ளே ஒரு கிழவி. முதுகு வளைந்து, கையெல்லாம் சூட்டுத் தழும்பு. நெற்றியில் காசளவு குங்குமம்.

இவளா? இத்தனை நாள் நேசமணி மனதில் பார்த்துப் பார்த்து எரிந்தது ஒரு செவத்த பெண்ணை. சந்தையில் கூடையைக் கவிழ்க்கிறவளை.

"களியா, கூழா?" என்றாள் கிழவி நிமிராமல்.

"நான் ஊரிகத்துலேர்ந்து வரேன்க்கா. மாணிக்கராஜ் வூட்டுல."

"அப்டி யாரையும் எனக்குத் தெரியாது."

"சின்னசாமி."

கிழவி துடுப்பைப் பானையில் குத்தி நிறுத்தினாள். நேசமணியைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். பார்வை நெற்றியில் வந்து நின்றது.

"வேதக்காரி நெத்தியில இன்னாடி செவப்பு? யாராச்சும் செவுத்துல இட்சிட்டாங்களா?"

நேசமணி அங்கேயே, நின்றபடி, எல்லாவற்றையும் சொன்னாள். மறதியை, பட்டினியை, பாப்பம்மா டப்பாவை. ஷிப்டு முடிந்த வேலைக்காரர்கள் இரண்டு பேர் கூழுக்கு நின்றார்கள். பார்வதம் அவர்களுக்கு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நெசமாவே எம் பேரச் சொல்றாரா?"

"காத்தால, சாயங்காலம். வேற பேரே அவர் வாயில இல்ல."

பார்வதத்தின் கை நின்றது. கூழ் கலயத்தைத் தாண்டி வழிந்தது. "ஏ கெழவி, கூழு" என்றான் ஒருத்தன்.

"குடிச்சிட்டுப் போடா, ஒங்கப்பன் வூட்டுக் கூழா." அவன் போகிற வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு அவரு ஒரு தபா வந்து, பார்வதம் வாடின்னு கேட்டிருந்தா நான் போயிருப்பேன். ஒங்க கோயிலுக்கு இல்ல, எந்தக் கோயிலுக்கும் போயிருப்பேன். உபதேசியார அனுப்பறாரு. சாட்சிய அனுப்பறாரு. எம் புருஷன் என்ன வான்னு கூப்புட்றத்துக்கு எவனோ ரெண்டு பேரு சாட்சி. முடியாதுன்னேன். மறுக்கா வருவாருன்னு பாத்தேன். மறுக்காவும் உபதேசியாருதான் வந்தாரு."

"எனக்கு அது தெரியாதுக்கா."

"ஒனக்கு இன்னா தெரியும்? நீ நோவாம வந்து ஒக்காந்தவ." சொல்லிவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "இது யாருக்குன்னு நெனைக்கிற? வேற எவனாச்சும் கீறானா? அவரு உசுரோட கீறாருன்னு வெச்சினு கீறேன். நீ அவரோட தூங்கறப்பல்லாம் நான் இத்த வெச்சினுதான் கீறேன்."

நேசமணிக்கு முகம் சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. இந்தக் கிழவியின் நெற்றியில் இருபது வருஷமாகத் தன் புருஷன் உட்கார்ந்திருக்கிறான். காலையில் எழுந்து, மூஞ்சி கழுவி, அவனை அங்கே வைத்துக்கொள்கிறாள். கோயிலில் எழுதிக் கையெழுத்து வாங்கினதெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

ஆனாலும் சொன்னாள். "ஊட்டறப்போ என்னால ஜெபம் பண்ண முடியல. பண்ணா அவரு துப்பிடறாரு. பண்ணாம இருந்து இருந்து, இப்போ எனக்குன்னு ஒக்காந்தாலும் வரமாட்டேங்குது. பொட்டு போனா போவுது. ஜெபம் போறது என்னால ஆவலக்கா. நீ வந்து ஊட்டு. நான் அடுப்பாண்ட ஒக்காந்துக்கிறேன்."

"அவரு சாவக் கூடாதுன்னு வந்தியா, ஒன் ஜெபம் போயிடக் கூடாதுன்னு வந்தியா?"

நேசமணி யோசித்தாள். "ரெண்டும்தான்" என்றாள்.

பார்வதம் பானையை இறக்கினாள். "இரு. மூஞ்சி கழுவிக்கினு வரேன்."

கழுவிக்கொண்டு வந்தாள். விளக்கெண்ணெய் தடவித் தலையை வாரி, இருந்த கொஞ்சம் முடியைக் கொண்டையாகச் செருகி, எங்கிருந்தோ ஒரு துண்டு கதம்பம் வைத்து, குங்குமத்தைப் புதிதாக இட்டிருந்தாள். சுடச்சுடக் களி உருண்டையைத் துணியில் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். வழியில் இரண்டு பேரும் பேசவில்லை. பார்வதம் முன்னால் நடந்தாள். முதுகு வளைந்தவள் அவ்வளவு வேகமாக நடப்பாள் என்று நேசமணி நினைக்கவில்லை.

வாசலில் பாப்பம்மா நின்றிருந்தாள். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்கு முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பார்வதம் எதிரே போய்க் குந்தினாள். தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். புதுப் பெண்போல இருந்தது அது.

"இன்னாய்யா, எப்டி கீற?"

அவர் அவளைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். பிறகு முகத்தை. வெகு நேரம்.

"யாரு பாட்டி நீ?"

"பார்வதம்யா."

"நல்லா கீது கத. பார்வதத்துக்கு இவ்ளோ வயசா?" அவர் சுற்றிலும் தேடினார். "எங்க போனா இவ? பசிக்குது. பாட்டி, வெளிய எம் பொண்சாதி நின்னுகினு இருப்பா, கூப்புடேன்."

பார்வதம் களியை அவிழ்த்துக் கிள்ளி நீட்டினாள். அவர் வாயை இறுக்கிக்கொண்டார். நீட்டிய கை அப்படியே இருந்தது. அடுப்போரத்தில் நின்ற நேசமணிக்கு அந்த ஒரு கணம் இனித்தது. இனித்தது என்பதுதான் உண்மை. இவளையும் தெரியவில்லை. உடனே கிழவியின் விரலைப் பார்த்தாள். விரலிலிருந்து களி தரையில் விழுந்தது. பார்வதம் அதைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"இங்க வாடி" என்றாள் திரும்பாமல்.

நேசமணி போய் உட்கார்ந்தாள். பார்வதம் கட்டைவிரலால் தன் நெற்றிக் குங்குமத்தை வழித்தாள். நேசமணியின் நெற்றியில் அழுத்தித் தேய்த்தாள். பாப்பம்மா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னிடம் மிச்சம் ஒட்டியிருந்ததைப் பார்வதம் தலைப்பால் சுத்தமாகத் துடைத்தாள்.

"அரகொறயா எதுக்கு" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "வந்துட்டியாடி" என்றார் நேசமணியிடம். "இந்தப் பாட்டி நாந்தான் நீன்னு சொல்லுது."

நேசமணி களியைக் கிள்ளினாள். கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"இன்னா நிறுத்திட்ட?" என்றாள் பார்வதம்.

"ஜெபம்."

"ஓ." கிழவி களி கட்டிவந்த துணியை மடித்தாள். "அவரு ஒன் வாயத்தான பாக்கறாரு. எவளோ ஒரு கெழவி ஓரமா மொணமொணத்தா அவருக்கு இன்னா. நான் சொல்றேன். பழைய உபதேசியாரு வரப்பல்லாம் எங்கூட்டுக் கூழு மேல கைய வெச்சி சொல்லிட்டுத்தான் குடிப்பாரு. கொஞ்சம் ஞாபகம் கீது."

"ஒனக்கு எதுக்குக்கா அது."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ ஊட்டு."

பார்வதம் கண்ணை மூடிக் கைகூப்பினாள். "கர்த்தாவே, இந்தக் களிக்கு ஸ்தோத்திரம்" என்றாள். நிறுத்தி யோசித்தாள். "இத்த ஆசீர்வாதம் பண்ணு. பண்ணும். துன்றவருக்கும், ஊட்டறவளுக்கும்..." அதற்கு மேல் தெரியவில்லை. "ஆமென்" என்று நேசமணி உதடு அசைக்காமல் சொன்னாள். நின்றிருந்த வார்த்தை வந்துவிட்டது, கையும் நகர்ந்து முதல் வாயை ஊட்டிற்று.

அவர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். துப்பவில்லை. வெறும் நெற்றியோடு கண்மூடி உட்கார்ந்திருந்த கிழவியையே பார்த்தார். முகத்திலிருந்த குறும்பெல்லாம் போய், சிரிக்காத ஒரு மனுஷன் அங்கே வந்து உட்கார்ந்தார். நேசமணிக்கு நன்றாகத் தெரிந்த மனுஷன்.

"நேசமணி" என்றார் கிழவியிடம். "ஷிப்டுக்கு நேரமாயிடுச்சா?"

பார்வதம் கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்க்கவில்லை, நேசமணியைப் பார்த்தாள். நேசமணியின் முகத்தில் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. வாயைத் திறந்தாள். நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவர் அவள் நெற்றியைப் பார்ப்பார்; அந்தப் பெயர் மறுபடி போய்விடும்.

"அவரு கேக்கறாரு இல்ல" என்றாள் நேசமணி. "பதில் சொல்லுக்கா."

"நானா?"

"எம் பேரச் சொல்லி எத்தினி மாசம் ஆவுது. பதிலில்லாம வுட்டுடாத."

பார்வதம் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் நேரம் கீதுங்க" என்றாள் அவரிடம், அவள் ஒரு நாளும் பேசியிராத மரியாதையில். "நீங்க நிதானமா துன்னுங்க."

அவர் தலையாட்டிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி, அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். நேசமணி ஊட்டினாள்.